கடல் தெரிகிற ஜன்னல்

இந்த வீட்டில் ஒன்று அந்த ஜன்னல் இருக்கும், இல்லையென்றால் நான் இருப்பேன் என்று முடிவு செய்தேன். முடிவை என் கணவரிடமும் சொன்னேன்.

"ஜன்னல ஃபிட் பண்ணியாச்சே," என்றார்.

கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

அவர் பெயர் ஜெனின். ஷார்ஜாவில் ஒரு ஜன்னல் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். ஜன்னல் செய்கிற வேலை இல்லை. ஸ்டோரில் உட்கார்ந்து கைப்பிடி எண்ணிக் கொடுக்கிற வேலை. ஆனால் மணவாளக்குறிச்சியில் வந்து இறங்கிய நாளிலிருந்து, உலகத்துக் காற்றெல்லாம் இவரிடம் உத்தரவு வாங்கிவிட்டுத்தான் ஒரு வீட்டுக்குள் நுழைகிறது என்கிற மாதிரிப் பேச்சு.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எட்டுத் தென்னை, ஒரு மதில். அவ்வளவுதான். உப்புக்காற்று எதையும் விட்டு வைக்காது. கேட்டின் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது. பீரோ சாவியைத் தின்றது. குடைக்கம்பியைத் தின்றது. என் சேலையில் குத்தின ஊக்கைக்கூட விடவில்லை. மாமனார் காலத்தில் வைத்த கீழ்வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தால் கம்பி கையோடு வந்துவிடும். அந்த வீட்டுக்கு மேலேதான் மாடி எடுத்தோம். மாடிக்கு ஜன்னல் வேண்டுமே. அங்கேதான் வந்தது வினை.

எங்கள் மகன் ஸ்டெனிக்கு இரண்டே முக்கால் வயசு. நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே ஏறப் பழகிவிட்டான். கேஸ் சிலிண்டர்மேல் ஏறுவான். வாஷிங் மெஷின்மேல் ஏறுவான். வீட்டுக்கு ஜெபிக்க வந்த போதகர் கண்ணை மூடியிருந்த நேரத்தில் அவர் மடி வழியாகத் தோளுக்கு ஏறினான். நான் கண்ணை மூடினால் அவன் எங்கேயோ ஏறுகிறான். கண்ணைத் திறந்தாலும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறான்.

"கேஸ்மெண்ட்தான் வைக்கணும்," என்று ஆரம்பித்தார் இவர். "வெளிய பாத்துத் திறக்கும். காத்து அடிக்க அடிக்க இன்னும் இறுகும், கேட்டியா? ஸ்லைடிங் வச்சா மழைத்தண்ணி கதவு ஓடுத பாதையில நின்னு உள்ள வந்திரும்."

அது சரிதான். இவர் சொல்வதில் எப்போதும் பாதி சரியாக இருக்கும். அந்தப் பாதியைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள்.

மரம் வேண்டாம், ஊதிப்போகும். இரும்பு வேண்டாம், உதிர்ந்துபோகும். யூ.பி.வி.சி. பிளாஸ்டிக் போதும். இதுவரை சண்டை இல்லை. கீலில் தொடங்கியது. நாகர்கோவிலில் ஒரு கடையிலிருந்து மின்னுகிற கீல் ஒன்றைக் கொண்டுவந்து, "துபாய் ஸ்டீலு, ஆயுசுக்கும் துருப்பிடிக்காது," என்றார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. அதையும், ஜன்னல் போடுகிற சுயம்புராஜ் அண்ணன் கொடுத்த 316 நம்பர் எஃகுக் கீலையும் போன வருஷத்து உப்புமாங்காய்ப் பரணியில் போட்டு மூடி வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தேன். அண்ணனுடைய கீல் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. இவருடைய கீல் மாங்காய் நிறத்தில் இருந்தது. மாங்காய் கீல் நிறத்தில் இருந்தது.

"உப்புமாங்காயில எவளாவது கீலப் போடுவாளா?"

"கடல்காத்துல எவராவது இந்தக் கீலப் போடுவாரா?"

தோற்றார். தோற்ற ஆண்பிள்ளை வேறு எங்கேயாவது ஜெயிக்கப் பார்ப்பான். எனக்கு அது அப்போது புரியவில்லை.

அடுத்த வாரம் கேட்டேன். "மாடி ஜன்னலுக்குக் கிரில் எங்க?"

"கேஸ்மெண்டுக்கு எதுக்குட்டி கிரில்? கட்டில்ல படுத்துக்கிட்டே கடல் தெரியணும். அதுக்குத்தான் ஜன்னல் திண்ட ஒண்ணரை அடி உயரத்துல வைக்கச் சொன்னேன்."

"ஒண்ணரை அடின்னா ஸ்டெனிக்கு அது ஸ்டூலு."

"ஷார்ஜாவுல முப்பதாம் மாடியில கிரில் உண்டுமா?"

"அங்க ஸ்டெனி உண்டுமா?"

"எனக்க பிள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும்."

"நேத்து டி.வி. ஸ்டாண்டுக்கு மேல ஏறி நின்னானே, அப்ப என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"டி.வி.ய."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்?

"இன்னா பாருங்க," என்றேன். "ஜன்னல் வெளிய திறக்கும், அதனால கிரில் உள்பக்கம் வரணும். கம்பி எல்லாம் நெட்டுக்கு நிக்கணும். குறுக்குக்கம்பி வச்சா அது அவனுக்கு ஏணி. ரெண்டு கம்பிக்கு நடுவுல நாலு இஞ்சுக்கு மேல இருக்கக்கூடாது. கம்பியும் கீலு மாதிரியே துருப்பிடிக்காத எஃகு."

"ஜெயிலு கட்டவா நான் கல்ஃப்ல கெடந்தேன்?"

"பிள்ள விழுந்திருவான்."

"சரிட்டி. வைப்போம்."

நாலு வருஷக் குடித்தனத்தில் இவர் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றைக்குக் கேட்டவர் போதகர். நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. நிம்மதியாக மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சுயம்புராஜ் அண்ணன் வந்து ஜன்னலை மாட்டினார். மூன்று அடுக்கு ரப்பர், வழுக்கிக்கொண்டு திறக்கிற கதவு, எல்லாம் அழகு. கருவிப்பையை மூடும்போது கேட்டேன். "கிரில் எப்ப வரும் அண்ணே?"

"கிரில்லா? சார் வேண்டாம்னு அன்னைக்கே சொல்லிட்டாரே தங்கச்சி. உங்களுக்கும் சம்மதம்னாரு."

எனக்கும் சம்மதமாம்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் தென்னையிலிருந்து இரண்டு குரும்பை விழுந்தது என்று பக்கத்து வீட்டு நேசபாய் மைனி இன்றைக்கும் சொல்கிறாள். இவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

"பெகளம் வைக்காத. வீட்டுப் பிரதிஷ்டை முடியட்டும். எனக்க ஷார்ஜா கூட்டுக்காரங்களுக்கு ஒரு போட்டோ அனுப்பணும். ஜன்னல் நிறையக் கடல், நடுவுல ஒரு கம்பி இருக்கக்கூடாது. பெறவு கிரில் வைப்போம்."

"அப்ப பிரதிஷ்டையத் தள்ளி வையுங்க."

"எப்பிடித் தள்ள? சபையில வாசிச்சாச்சு!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை கொடுக்கிறவர்கள் எதற்காகக் கொடுக்கிறோம் என்று ஒரு சீட்டில் எழுதி வைப்பார்கள். உபதேசியார் இஸ்ரவேல் அதை மைக்கில் வாசிப்பார். ஒரு எழுத்து கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். வாசித்துவிட்டால் அது கல்லில் வெட்டினது. போன வருஷம் மரியஜான் 'குடியை விடப்போவதற்காக' என்று எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து சபையில் எல்லோரும் அவர் வாயை மோந்து பார்த்துவிட்டுத்தான் கை கொடுக்கிறார்கள். அதே மாதிரி இவரும், போதகர் வந்து ஜெபித்து வீட்டைத் திறந்து வைக்கிற பிரதிஷ்டைத் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டார். இனி கடலே எழுந்து வந்தாலும் தேதி மாறாது.

பிரதிஷ்டைக்கு முந்தின வாரம், சனிக்கிழமை காலை. மாடிக் கண்ணாடியில் உப்பு படிந்து பால் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. கடல் எங்கே, வானம் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. வெளியே பார்த்துத் திறக்கிற ஜன்னலை உள்ளே நின்றுகொண்டு முழுசாகத் துடைக்க முடியாது. கைப்பிடி எண்ணுகிறவரிடம் இதை ஷார்ஜாவில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இடுப்பில் உடுத்தியிருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வாளியும் துணியுமாக, திண்டைத் தாண்டி சன்ஷேடில் இறங்கினார்.

"பிள்ளையப் பாத்துக்குங்க," என்று படியில் நின்று கத்தினேன். அடுப்பில் குழம்பு.

"பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன்!"

குழம்பை இறக்கிவிட்டு மேலே போனேன்.

ஜன்னலின் ஒரு கதவு விரியத் திறந்து கிடந்தது. திண்டின்மேல் ஸ்டெனி நின்றுகொண்டிருந்தான். ஒரு கால் திண்டில். இன்னொரு கால் ஜன்னல் சட்டத்தில். சட்டத்துக்கு அந்தப் பக்கம் காற்று. காற்றுக்குக் கீழே முற்றத்தில் ஜல்லிக் குவியல். இவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, பாட்டு முனங்கிக்கொண்டு, மூடியிருந்த மற்றக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவன் திரும்புவான். திரும்பினால் கால் வழுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்த ஆறு எட்டு நடப்பதற்குள் எனக்கு வயசு அறுபது ஆகிவிட்டது. இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன். "அம்மா, கடல்," என்றான்.

அவனை இடுப்பில் வைத்தேன். திறந்து கிடந்த கதவை இழுத்துச் சாத்தினேன். கைப்பிடியைத் திருப்பிப் பூட்டினேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. கைக்கே கோபம்.

அப்போதுதான் இவர் திரும்பினார். கதவைத் தட்டினார். வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. மூன்று அடுக்கு ரப்பர்! 'வெளிய இடி இடிச்சாலும் உள்ள கேக்காது' என்று இவரே ஊரெல்லாம் சொன்னது எவ்வளவு உண்மை. பாவம், இவர் சொல்வதில் பாதி சரியாகத்தான் இருக்கும்.

அடுத்த அறை ஜன்னல் வழியாக நேசபாய் மைனியின் குரல் கேட்டது. மதில் பக்கம் நிற்கிறாள்.

"ஏலே ஜெனினு, அங்க என்ன செய்யுத?"

"கண்ணாடி துடைக்கேன் மைனி!"

"துடைக்கதுக்கு எதுக்குலே ஜன்னலக் கும்பிடுத?"

காற்று சாரத்தைப் பிடித்து இழுத்தது. ஒரு கை சாரத்துக்கு, ஒரு கை சுவருக்கு. வாளி எப்போதோ கீழே போய்விட்டது. முப்பதாம் மாடி வீரர் முதல் மாடியில் நின்று வியர்த்தார்.

நான் ஒரு தாளை எடுத்தேன். பிள்ளையை இறக்கி விடாமலேயே எழுதினேன். கோடு போடாத தாளிலும் நேராக எழுத கான்வெண்டில் சிஸ்டர் ஸ்கேல் வைத்துப் பழக்கியிருக்கிறார். எழுதி முடித்து, தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். இவர் துடைத்த பக்கத்தில்தான் பிடித்தேன். ஏமாற்றினேன் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது.

இவர் படிக்கவில்லை. தலையாட்டினார். நான் விரலால் தாளைத் தட்டிக் காட்டினேன். மறுபடி தலையாட்டினார். சம்மதமா என்று சைகையில் கேட்டேன். மூன்றாவது தடவை ஆட்டின ஆட்டில் தலை கழன்று நேசபாய் மைனி முற்றத்தில் விழுந்திருக்கும்.

திறந்தேன். உள்ளே வந்து விழுந்தார். தண்ணீர் குடித்தார். ஸ்டெனி எங்கே நின்றான் என்று சொன்னேன். முகம் வெளுத்துத்தான் போனது, இல்லையென்று சொல்லமாட்டேன். அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு கையையும் காலையும் தடவிப் பார்த்தார். மத்தியானம் சாப்பிட்டார். சாப்பிட்டதும் தைரியம் திரும்பிவிட்டது.

"பிரதிஷ்டை வரைக்கும் மாடிக் கதவப் பூட்டி வைப்போம். கிரில் பெறவு."

"தலையாட்டினீங்களே!"

"அதுவா? காத்துக்கு ஆடினது."

தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தேன்.

மறுநாள் ஆராதனை. இவர் ஆண்கள் பக்கம், வெள்ளைச் சட்டை, முன்னாலிருந்து இரண்டாவது வரிசை. இஸ்ரவேல் உபதேசியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சீட்டுகளை எடுத்தார். பிந்து டீச்சருக்கு இடமாற்றம் கிடைத்தது. யாருக்கோ மூட்டுவலி குறைந்தது. அப்புறம் எங்கள் முறை.

"ஜெனின், ரெனிஷா குடும்பம். சனிக்கிழமை காலையில் கம்பியில்லாத மாடி ஜன்னலில் ஏறி நின்ற மகன் ஸ்டெனியைக் கர்த்தர் காத்துக்கொண்டதற்காகவும், பிரதிஷ்டைக்கு முன்னே எல்லா மாடி ஜன்னல்களுக்கும் துருப்பிடிக்காத எஃகில், நெட்டுக்கம்பியில், நாலு இஞ்ச் இடைவெளியில் கிரில் வைக்கத் தகப்பன் முழுமனதோடு சம்மதித்ததற்காகவும் ஸ்தோத்திரக் காணிக்கை."

சபை முழுவதும் ஆண்கள் பக்கம் திரும்பியது. வெள்ளைச் சட்டை மட்டும் குனிந்திருந்தது.

வெளியே வந்ததும் போதகர் இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல தகப்பன்," என்றார். மரியஜான் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். தனக்கு ஒரு கூட்டு கிடைத்த சந்தோஷம் அவருக்கு. நேசபாய் மைனி, "நாலு இஞ்சா மக்கா? வெள்ளிக்கிழமை பிரதிஷ்டைக்கு நாங்க பொம்பளையெல்லாம் ஸ்கேலோட வந்து பாப்போம்," என்றாள்.

பைக்கில் ஏறினோம். ஸ்டெனி டாங்கின்மேல் ஏறினான். பாலம் தாண்டியதும் இவர் கேட்டார்.

"யாரக் கேட்டுட்டி அந்தச் சீட்ட எழுதின?"

"உங்களக் கேட்டுத்தான். கண்ணாடியில வச்சுக் காட்டினேன். மூணு வாட்டி தலையாட்டினீங்க."

பைக் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

புதன்கிழமை சுயம்புராஜ் அண்ணன் கம்பிகளோடு வந்தார். இவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடைவெளியாக அளந்தார். ஓரிடத்தில் நாலே கால் வந்தது. "கால் இஞ்சுதானே சார், போட்டும்," என்றார் அண்ணன்.

"கழத்தி மாட்டும் வே," என்றார் என் கணவர், பரிதாபமாக. "சபையில வாசிச்சாச்சு."