பதிலைத் தவிர எல்லாம் எழுதுகிறவன்

எழுத்து மோகி என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. பேனாவும் மையும் கிடைக்கிற எந்த ஊரிலும் அது விளையும். ஆம்பூர்த் தோல் ஷாப்பு மேஸ்திரி தேவசகாயத்தின் மகனாக விளைந்து, வேலூரில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த தானியேல் அதில் முதல்தரச் சரக்கு.

வெண்பா என்றால் அவனுக்கு உயிர். தளை தட்டினால் பல் வலித்தவன் போலத் தாடையைப் பிடித்துக்கொள்வான். வியாசத்தின்மேல் மரியாதை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று அது மூன்று வேளையும் சாப்பிடுகிற பெரிய மனுஷன் அல்லவா! நாடகத்தின்மேல் ஆசை, ஆனால் அதில் பாத்திரங்கள் இவனைப் பேசவிடாமல் தாங்களே பேசிவிடுகின்றன என்று ஒரு குறை. கடிதமா? சீ! "நலம், நலமறிய அவா" என்பதும் ஓர் எழுத்தா? அப்பாவின் சட்டையில் வீசும், தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை வாடைக்குப் பாட்டில் இடமில்லை, முல்லை மணந்தால்தான் பாட்டு என்பதும் அவன் கொள்கை. முல்லைக்கொடியை அவன் பார்த்ததுண்டா? அது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் அவனுக்கு நிச்சயமாகியிருந்த அமிர்தவள்ளி. வாத்திச்சி வேலைக்குப் படித்து முடித்தவள். "அரக்கோணம் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அதில் இருக்க ஆசை. தங்களுக்குச் சம்மதமா?"

ஒரு வார்த்தை போதும். ஒரு வார்த்தையில் என்ன இலக்கியம் இருக்கிறது? தான் கிறிஸ்தவன் என்பதையும் மறந்து அவளைக் கலைமகளாக்கி வெண்பா பாடினான். பிறகு பெண்கல்வியைப் பற்றி ஒரு வியாசம் வரைந்து, சாதகத்தையும் பாதகத்தையும் தராசில் வைத்து நிறுத்து, "ஆகவே இரு தரப்பிலும் உண்மை உண்டு" என்று முடித்து, இரண்டையும் தபாலில் சேர்த்தான். உள்ளுக்குள் இருந்ததோ பயம். சரி என்றால் அப்பா சீறுவார். வேண்டாம் என்றால் அவள் வருந்துவாள். அலங்காரத்துக்குள் ஒளிந்துகொண்டால் இருவருக்கும் அகப்படவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்கு வந்தவன், ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் அவளிடம் அகப்பட்டான்.

"எல்லாத்தியும் படிச்சேன்," என்றாள் அமிர்தவள்ளி. "நான் வேலைக்குப் போலாமா, வேணாமா?"

"முடிவுரையில குறிப்பா சொல்லிருக்கேனே!"

"இன்னா குறிப்பு? ரெண்டு பக்கமும் உண்மைன்னு இருக்குது. நான் எந்தப் பக்கம் போய் நிக்கறது?"

தானியேல் ஓர் உவமை தேடினான்.

"தேடாதீங்க. வர்றேன்னு நேத்தே பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பிட்டேன்."

"அப்புறம் என்னை ஏன் கேட்டே?"

"உத்தரவுக்குக் கேக்கல. நீங்க எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சிக்கக் கேட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் அவனுக்கு எதுகை வரவில்லை, மோனை வரவில்லை. வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினான்.

"அப்பா! அமிர்தம் கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவும். எனக்குச் சம்மதம்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

தேவசகாயம் நிதானமாக நிமிர்ந்தார். "அவங்கப்பா என்னாண்ட எப்பவோ சொல்ட்டாரு. நானும் சரின்ட்டேன். அதுக்கு ஏன்டா கூவுறே?"

தெருமுனையில் அமிர்தவள்ளி நின்றாள். சிரித்தாள். கல்யாணம் நடந்தது. அரக்கோணத்துக்கு அவள் வேலையோடு போனாள்; அவன் வெண்பாவோடு போனான்.

சிரிக்கிறீரா, வாசகரே? உம்மிடமும் யாரோ "ஆமாவா, இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க, "யோசித்துச் சொல்கிறேன்" என்று அழகாகச் சொல்லிவிட்டுத்தானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்? சற்றே தள்ளி உட்காரும். எனக்கும் இடம் வேண்டும்.