ஏலம் போன ஆர்மோனியம்

பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை எப்போது தொடங்கியது, தோணி எத்தனை மணிக்குக் கரை சேர்ந்தது என்று ஒன்றையும் விட்டதில்லை. (இதனால் யாருக்கும் ஒரு பயனும் இருந்ததில்லை என்பதையும் ஓரிடத்தில் குறித்திருக்கிறேன்.) ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், "காலை 7.20, தோணி புறப்பட்டது" என்ற வரிக்குக் கீழே வெறுமையாக இருக்கிறது. எழுத வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

ரூபி என் மாமாவின் மகள். பிற்காலத்தில் வாவியின் இரு கரைகளிலும் வானொலியிலும் கிறிஸ்தவப் பாட்டுக்குப் பேரெடுத்தவள். அந்த ஞாயிறு வரை எங்கள் ஊரான செட்டிபாளையத்துக்கு வெளியே அவளை யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அக்கரையில், படுவான்கரைச் சிற்றாலயம் ஒன்றின் அறுப்புப் பண்டிகையில் பாட வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான், பட்டணத்துப் பெருங்கூட்டத்தில் அவளைப் பாடவிடலாமா என்று போதகர் முடிவு செய்வார். மாமா தன் ஆர்மோனியத்தையும் அதை வாசிக்க என்னையும் அனுப்பினார். ரூபிக்கு மெல்லிய குரல்; அது என் விரல்களின் மேல்தான் நிற்கிறது என்று நான் மனதார நம்பியிருந்தேன்.

வாடைக்காற்று ஓய்ந்திருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெளிச்சம். தோணி அசையாமல் நிற்க, கரைதான் எங்களை நோக்கி மிதந்து வருவது போலிருந்தது. ரூபி வாய்க்குள் பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். நான் கண்ணைத் திறந்தபடியே கனவு கண்டேன்: வானொலியில் எங்கள் பெயர்களை அறிவிக்கிறார்கள். (என் பெயர் முதலில்.)

அந்தக் கனவிலிருந்து இறங்காமலேதான் ஆலயத்துக்குள் போனேன். திருவிருந்து மேசைக்கு முன்னால் புது நெல், வாழைக்குலை, கால் கட்டிய கோழிகள், பூசணிக்காய்கள். இரண்டு பூசணிக்காய்களுக்கு நடுவே அழகாக ஓர் இடம் இருந்தது. மாமி வெள்ளைத் துணியில் சுற்றித் தந்த ஆர்மோனியத்தை அங்கே வைத்துவிட்டு, தோணி வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வாவிக்கரை மருத மரத்தடிக்குப் போனேன்; குறிக்க மறந்து, வாவியைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

அறுப்புப் பண்டிகையில் மேசைக்கு முன் வைப்பதெல்லாம் காணிக்கை, ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று போதகரின் தோணி பிந்தியதால் ஏலத்தை முதலில் வைத்தார்கள் என்பது மட்டும் தெரியாது.

நடந்ததைப் பிறகு சொன்னார்கள். துணியை அவிழ்த்ததும் சபை மூப்பர் எழுந்து, தன் ஆர்மோனியத்தையே ஆண்டவருக்குக் கொடுத்த இந்தப் பிள்ளைக்காக என்று கண்ணீரோடு ஜெபம் செய்தாராம். முன்வரிசையில் இருந்த ரூபியால் அதன்பிறகு என்ன சொல்ல முடியும்? ஆமென் சொன்னாளாம்.

நான் வந்து சேர்ந்தபோது ஆர்மோனியம் ஒரு போடியாரின் மாட்டு வண்டியில் இருந்தது. பக்கத்து வட்டையின் வயல்வெளியில் பாதி அவருடையது. தங்கள் அம்மன் கோயிலுக்குத் தலைவர். ஆண்டுதோறும் பூசணிக்காய் எடுப்பதற்காக இந்த ஏலத்துக்கு வருகிறவர். தவறுதலாக வைத்துவிட்டேன் என்று கெஞ்சினேன்.

"எங்க வெச்சீங்க தம்பி?"

"மேசைக்கு முன்னால."

"ஆரும் கையப் புடிச்சி வெப்பிச்சாங்களா?"

"இல்ல."

"மறுகா என்ன? சாமிக்கு முன்னால வெச்சா வெச்சதுதான். எந்தச் சாமியா இரிந்தாலும் சட்டம் ஒண்டுதான்."

அதற்குள் போதகர் வந்துவிட்டார். தலையிடி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ரூபியின் காதில் சொன்னேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நீங்க போய்த் தோணியில இரிங்க மச்சான். பெட்டிதான் போச்சி. பாட்டு என்னட்ட இரிக்கு."

நான் ஒருநாளும் எடுத்துக் கொடுத்திராத ஒரு தாழ்ந்த சுருதியில் தொடங்கினாள். அது அவளுடைய சுருதி. இத்தனை காலமும் என் விரலுக்கு வசதியான கட்டையில் அவளைப் பாட வைத்திருக்கிறேன். மெல்லிய குரலும் இல்லை. நான் வாசிப்பது கேட்கட்டும் என்று அவள்தான் இரக்கப்பட்டு அடக்கிப் பாடியிருக்கிறாள். பாட்டு கதவைத் தாண்டி, அறுத்த வயலின் மேலாக, வாவி வரைக்கும் போய்த் தண்ணீரில் படுத்துக்கொண்டது போலிருந்தது. புறப்பட்ட வண்டியைப் போடியார் நிறுத்தினார். இறங்கி, தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். போதகர் கடைசிச் சரணம் வரை காத்திருக்கவில்லை. இரண்டாவதிலேயே தலையை ஆட்டிவிட்டார்.

ஆர்மோனியம் திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வோர் அறுப்புக்கும் வந்து பாடினால், அன்றைக்கு மட்டும் பெட்டியை ஆலயத்துக்கு அனுப்புவதாகப் போடியார் சொன்னார். பெட்டி வந்தது, ரூபி அதை ஒருபோதும் திறக்கவில்லை. மாமா என்னோடு மறுபடி பேசத் தொடங்கிய நாள் என் நாட்குறிப்பில் சிவப்பு மையில் இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து, ரூபியும் நானும் கலியாணத்துக்காக மேசைக்கு முன்னால் போய் நின்றோம். போதகர் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து போடியாரின் குரல் கேட்டது.

"நல்லா யோசிச்சியா புள்ள? வெச்சா வெச்சதுதான்."

இன்றைக்கும் நான் எங்காவது நின்று வாவியைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் பிந்தினால், அப்பாவை யாராவது ஏலத்தில் எடுத்துவிட்டார்களா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அடுப்படியிலிருந்து ரூபியின் பதில் வரும், அந்தத் தாழ்ந்த சுருதியில்:

"ஆரு எடுக்கிற?"