இலை மாமாவின் சப்பாத்தி

கைரேகை பார்த்துச் சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. கிளி ஜோசியக்காரர்கள் தெருவுக்கு ஒருவர். ஆனால் சாப்பிட்டு எழுந்த இலையைப் பார்த்து ஒரு ஆளின் குணம், குடும்ப நிலவரம், அன்று ஆபீசில் அவர் வாங்கிய திட்டு எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைக்கக்கூடிய மகான் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான் பிறந்தார். அவர் அறுபதுகளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓட்டல் வைத்திருந்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்குத் தெரியாது. ஊர் அவரை இலை மாமா என்றது. அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஒரு ரூமில் நாலு பேராக அடைந்து கிடந்த எங்களுக்கு இரண்டு வேளைச் சோறும் அவர் ஓட்டலில்தான்.

பந்தி முடிந்ததும் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போவார். கையில் பழைய குடைக்கம்பி ஒன்று இருக்கும். வரிசையாகப் போட்டிருக்கும் எச்சில் இலைகளை அதால் கிளறிக் கிளறிப் பார்ப்பார். மறுநாள் என்ன சமைப்பது என்பது அங்கேதான் முடிவாகும். புடலங்காய்க் கூட்டு நிறைய மிஞ்சியிருந்தால் புடலங்காய்க்கு அந்த மாதம் முழுக்க ஓட்டலுக்குள் நுழைய அனுமதி கிடையாது. எல்லா இலையிலும் கறிவேப்பிலை ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டு ஒரு தடவை கறிவேப்பிலையையே நிறுத்திவிட்டார். சமையல் பார்க்கும் சரக்கு மாஸ்டர் வேலையை விட்டுப் போகிறேன் என்று அழுத பிறகுதான் அது திரும்பி வந்தது.

"வாயால கேட்டா எவனும் உண்மைய சொல்ல மாட்டான். 'பேஷ்'னுட்டு போயிடுவான். இலை அப்படி இல்ல பாரு" என்பார்.

சரி, நீங்களாவது ருசி பார்க்கலாமே என்றால் அதற்கும் தயாராகப் பதில் வைத்திருந்தார். "நம்ம கடைச் சாப்பாட்ட நாமளே தின்னா நாக்கு சலுகை காட்டும்யா." சாப்பாடு அவருக்கு வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் வரும்.

இந்த ஆராய்ச்சிக்காக ஓட்டல் சுவரில் ஒரு போர்டு மாட்டியிருந்தார்: 'சாப்பிட்டபின் இலையை மூடாதீர்கள்.' மங்கலம்பேட்டையிலிருந்து கோர்ட்டு வேலையாக வந்த ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டுக் கொதித்துப் போனார்.

"என்னாய்யா இது? சாப்ட்டவன் இலைய மூடாம எழுந்தா திருப்தி இல்லன்னு அர்த்தம்யா!"

"திருப்தியா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். நீங்க தொறந்து வெச்சுட்டு கைய கழுவுங்க."

அவர் எழுந்து போனதும் மாமா இலையைப் பார்த்தார். "ஊறுகாய தொடவே இல்ல. வயித்துப் புண்ணு. அதான் இவ்ளோ கோவம்" என்று எங்களிடம் ரகசியமாகச் சொன்னார்.

இதில் எங்களுக்குத்தான் சங்கடம். எதையாவது மிச்சம் வைத்தால் மாமா சும்மா விடமாட்டார். ஒரு நாள் எங்கள் டைப்பிஸ்ட் ராமசாமி கத்தரிக்காய்ப் பொரியலை ஒதுக்கிவிட்டு வந்துவிட்டான். சாயந்திரம் ஆபீஸ் வாசலில் மாமா மிளகு ரசத்தோடு நிற்கிறார். "உடம்பு என்னா பண்ணுது தம்பி?" திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவர் முகம் அப்படி வாடிப் போகும். நிறைய மிச்சம் விழுந்த நாளில் வீட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் தூக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று சப்ளையர்கள் சொல்வார்கள். அதனால் பிடிக்கிறதோ இல்லையோ, வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பது எங்களுக்குப் பழக்கமாகிப் போனது.

இந்த நேரத்தில் எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு ஓட்டல் வந்தது. அங்கே இலை கிடையாது, எவர்சில்வர் தட்டு. பூரி கிழங்கு, பேப்பர் ரோஸ்ட், பாம்பே அது, மைசூர் இது. வெறும் போண்டாகூட 'ஸ்பெஷல்' என்று பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தது. ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். போதாததற்கு அரிசித் தட்டுப்பாடும் வந்து சேர்ந்தது. கோதுமை சாப்பிடுங்கள் என்று ரேடியோவே கெஞ்சியது.

மாமா யோசித்தார். ராத்திரியில் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி குருமா என்று அறிவித்தார்.

சப்பாத்தியை எங்கள் சரக்கு மாஸ்டர் அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை. மாமாவோ, "இலையில எண்ணெய் நின்னா ஜனங்களுக்குப் பிடிக்கலன்னு அர்த்தம். என் சர்வீசுல பாத்துட்டேன்" என்று சொட்டு எண்ணெய் விடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மாஸ்டர் மாவைப் பிசைந்த கையோடு தேய்த்துக் கல்லில் போட்டு, காயக் காய எடுத்தார். வந்தது சப்பாத்தியா, சிலேட்டா என்று பார்த்தால் தெரியாது. கடித்தால் தெரிந்துவிடும், சிலேட்டு இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.

யாரும் மாமாவிடம் குறை சொல்லவில்லை. குருமாவை வழித்துச் சாப்பிட்டோம். சப்பாத்தி ஆளுக்கொரு வழியாக வெளியேறியது. நான் ஆபீஸ் பைலுக்குள் சொருகிக்கொண்டேன். ராமசாமிக்குச் சட்டைப்பை. எங்கள் ஹெட் கிளார்க் மடக்கிய குடைக்குள் நழுவ விடுவார். அவர் ஒரு நாள் திடீர் மழைக்குப் பஸ் ஸ்டாண்டில் குடையை விரித்தபோது தலையில் மூன்று சப்பாத்தி விழுந்தது. தெருமுனை நாய்க்குப் போட்டுப் பார்த்தோம். மோந்து பார்த்துவிட்டு அது எங்களைத்தான் பரிதாபமாகப் பார்த்தது.

கொல்லையில் இலைகள் துடைத்து வைத்தது போல் கிடந்தன. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு துண்டு மிச்சம் இல்லய்யா! இத்தன வருஷ சர்வீசுல இந்த மாதிரி ஒரு ஐட்டம் பாத்ததில்ல!"

அந்தச் சந்தோஷத்தில்தான் குண்டைப் போட்டார். அவருடைய ஒரே பெண் சரோஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சிதம்பரம் தெற்கு வீதியில் சத்திரம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு விருந்துக்கு என்ன தெரியுமா? சப்பாத்தி குருமா.

மாப்பிள்ளை வீடு ஸ்ரீமுஷ்ணம். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா ஒருத்தர் உண்டு. இதற்கு முன் பெண் பார்த்த இடத்தில் வடை வேகவில்லை என்று தாம்பூலம் மாற்றாமல் எழுந்து வந்த மனிதர் அவர். அவர் பல்லில் இந்தச் சப்பாத்தி பட்டால் சரோஜா கழுத்தில் தாலி ஏறுமா?

அன்று ரூமில் கூடிப் பேசினோம். விஷயத்தைச் சொல்வது யார்? பூனைக்கு மணி கட்டுகிற கதைதான். ஹெட் கிளார்க் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாம சொல்ல வேணாம். இலையே சொல்லட்டும்" என்றார்.

மறுநாள் ராத்திரி ஒருவரும் சப்பாத்தியைத் தூக்கவில்லை. அப்படியே இலையில் விட்டுவிட்டு எழுந்தோம். கை கழுவுகிற இடத்தில் தவறு செய்த பிள்ளைகளாக நின்றுகொண்டிருந்தோம். மாமா குடைக்கம்பியோடு கொல்லைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என்னாப்பா, எல்லாருக்குமா உடம்பு சரியில்ல?"

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு, "மாஸ்டர், சூடா ஒண்ணு எடுத்துட்டு வாய்யா" என்றார். தன் ஓட்டல் பண்டத்தை முதல் தடவையாக வாயில் வைத்துக் கடித்தார். இழுத்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கடைவாய்ப் பக்கம் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்ப இத்தன நாளு?" என்றார்.

ராமசாமி சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். ஹெட் கிளார்க் குடையைக் காட்டினார். நான் பைலைக் காட்டினேன். மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழுவாரோ என்று பயந்துபோனேன். அவர் கேட்டதோ வேறு.

"கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாளுதான்யா இருக்கு. இப்ப என்னா பண்றது?"

அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு. பரங்கிப்பேட்டை கப்பல் பாயை ராமசாமிதான் கூட்டி வந்தான். பினாங்கு போகும் கப்பலில் வருஷக்கணக்காகச் சமைத்தவர். மாவைத் தொட்டுப் பார்த்ததுமே பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், பெசஞ்சதும் கல்லுல போட்டா அது வெறைச்சிக்கும். வெந்நி ஊத்தி பெசஞ்சி, ஈரத்துணி போட்டு கொஞ்சம் தூங்க வைங்க. மாமா, எண்ணெய கொஞ்சம் ஜாஸ்தியா விடச் சொல்லுங்க. அல்லா காப்பாத்துவான்."

சத்திரத்தில் விருந்து நடந்தது. சித்தப்பாவுக்கு எதிரில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவர் சப்பாத்தியைப் பிய்த்தார். துணி போல மடிந்து வந்தது. இன்னொன்று கேட்டார். அதற்கப்புறமும் கேட்டார். இலை துடைத்தாற்போல் ஆனது.

அதைப் பார்த்துத்தான் மாமாவுக்குச் சந்தேகம் வந்தது. கை கழுவப் போன சித்தப்பாவின் பின்னாலேயே போனார். அவருடைய மேல்துண்டைத் தடவிப் பார்த்தார். "குடைய குடுங்க சம்பந்தி, நான் வெச்சிருக்கேன்" என்று வாங்கி, மறைவாகப் போய்த் தலைகீழாக உதறினார். ஒன்றும் விழவில்லை. நம்பாமல் இன்னொரு தரம் உதறினார்.

சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சம்பந்தி, அந்தச் சப்பாத்திய எப்படிச் செய்யறதுன்னு எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கும் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க" என்றார். மாமா சத்திரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். விட்ட மூச்சு எங்கள் பந்தி வரைக்கும் கேட்டது.

மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. பெண்ணை வண்டி ஏற்றிவிட்டு வந்த மாமா பந்தியில் எங்கள் நடுவில் உட்கார்ந்தார்.

"ஏம்பா, ஒருத்தனாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீங்க அன்னிக்கு சாப்ட மாட்டீங்களே மாமா" என்றான் ராமசாமி.

மாமா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, சப்ளையர் கையிலிருந்த பாயச வாளியை வாங்கி, எங்கள் எல்லோருக்கும் அவரே ஊற்றினார். எதிர் ஓட்டலுக்குப் போயிருந்தால் மெத்தென்ற பூரி கிடைத்திருக்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மனுஷன் ஒரு வேளை பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக இன்னும் எத்தனை சப்பாத்தி வேண்டுமானாலும் பைலில் சுமந்திருப்பேன்.