திராட்சைக் கிடங்கில் ஒரு ஃபர் கோட்டு

கம்பம் பள்ளத்தாக்கில் சித்திரை வெயிலிலும் குளிரைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் எங்கள் தெரு ஸ்வெட்டர் அண்ணன்தான். மூணாறு போகிறவர்களுக்கு ஜெர்கினும் ஃபர் தொப்பியும் விற்பார். அசல் முயல் ரோமமா என்று யாராவது கேட்டால் போதும், ஒரு இழையைப் பிடுங்கித் தீக்குச்சியைக் காட்டுவார். அது உருகிச் சுருளும்.

"பாத்தீகளா, பிளாஸ்டிக்கு. நெசமா இருந்தா முடி பொசுங்குற நாத்தம்ல வரும்" என்பார் பெருமையாக. வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அங்கே அதே தொப்பி அசல் முயல் ஆகிவிடும்.

எதிர்வீட்டு ரோஸி டீச்சரின் மகள் ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்தாள். சீனியர் ஒருத்தி கொடுத்த அசல் ஃபர் கோட்டோடு விடுமுறைக்கு வந்திருந்தாள். அந்த ஊர்ப் பனிக்கு அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். இன்னொன்று வாங்க டீச்சரால் முடியாது.

அண்ணன் அதைத் தடவிப் பார்த்துப் பதறிவிட்டார். நம் வெயிலில் தோல் காய்ந்து வெடிக்கும், பூச்சி அரிக்கும். வெளிநாட்டு ஃபர் கடைகளில் கோடை முழுக்கக் குளிர் அறையில்தான் வைப்பார்கள் என்றார். எங்கள் ஊரில் குளிர் அறை என்றால் திராட்சைக் கிடங்கு. கோட்டை வாங்கிப் போய்ப் பெட்டிகளுக்கு நடுவே தொங்கவிட்டார்.

திராட்சை வாடாமலிருக்க அங்கே ஈரமும் இருக்கும் என்பதை மறந்துவிட்டார். பெண் கிளம்ப இருந்த நேரத்தில் எடுத்தால், கோட்டு நமுத்துப் போய்ப் புளித்த வாடை அடித்தது. நேராக டீச்சரிடம் போனார்.

"தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். பிள்ள போறதுக்குள்ள சரி பண்ணித் தாரேன்."

டீச்சர் கோட்டை மறுபடி அவர் கையிலேயே கொடுத்தார். அதுதான் அவரை வாட்டியது.

ஃபரைத் தண்ணீரில் துவைப்பதில்லை. மரத்தூளோடு பெரிய டிரம்மில் போட்டுச் சுற்றுவார்கள். ஈரத்தையும் வாடையையும் தூள் உறிஞ்சிவிடும். டிரம்முக்கு எங்கே போவது? வியர்வை படாமலிருக்க உள்ளே மழைக்கோட்டு, மேலே ஃபர் கோட்டு என்று மாட்டிக்கொண்டு, மரமில்லின் தூள் குவியலில் தானே படுத்து உருண்டார். கரடி புகுந்துவிட்டதென்று யாரோ போன் போட, வனக்காவலர் வந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க சார், முதுகுப் பக்கம் பாக்கி இருக்கு" என்றாராம்.

வாடை போய்விட்டது. அண்ணனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பெண் கோட்டோடு விமானம் ஏறினாள்.

அங்கே பனி விழத் தொடங்கியதும் டீச்சர் வீடியோ காலோடு கடைக்கே வந்துவிட்டார். போனில் வெள்ளை வெளேரென்று தெரு, நடுவே கோட்டுக்குள் அந்தப் பெண். கோட்டு எப்படியிருக்கிறது என்று அண்ணன் கேட்கவில்லை.

"கழுத்துப் பொத்தானப் போடுத்தா. காத்துப் புகுது பாரு" என்றார்.

அந்தத் தெருவில் எத்தனையோ பேரோடு பழகியிருக்கிறேன். அவர் அளவுக்கு யாரையும் எனக்குப் பிடித்ததில்லை.