ஏழாம் நம்பர் மலையில் இறங்கிய விண்கப்பல்

எனக்குப் பேச வராது. வாயும் தொண்டையும் நன்றாகத்தான் இருக்கின்றன. எதிரில் ஓர் ஆள் வந்து நின்றால்தான் இரண்டும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்யும். கடைக்குப் பருப்பு வாங்கப் போய், கேட்கக் கூச்சப்பட்டு, கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுத்த சவர்க்காரத்தோடு திரும்பி வந்திருக்கிறேன். இப்படிப்பட்ட நான் ஒருநாள் பேசியே ஒரு மலையைக் காலி செய்தேன் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். எனக்குப் பத்தொன்பது வயது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு என்னைக் கைவிட்டிருந்தது. (ஆங்கிலம் என்னைக் கையில் எடுக்கவே இல்லை.) கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு அப்பா பேசி முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போக ஆள் வரும். அதை நினைத்து ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் பிள்ளைக் காம்பராவில் ஓர் இடம் காலியானது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. ஆள் எடுக்க நுவரெலியாவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து மிஸ் வந்திருந்தார்.

"உம்மடை பேர் என்ன?"

நான் அவருடைய செருப்பைப் பார்த்தேன்.

"பேரும் சொல்லமாட்டீரோ? கதைக்காத ஆளிட்டைப் பிள்ளையளை எப்பிடி விடுறது?"

அம்மா முன்னால் வந்தாள். "நல்லா பேசுவா மிஸ். ஆள் இல்லாத எடத்துல." (உதவி செய்வதாக நினைப்பு.)

மிஸ் சிரித்துவிட்டார். பள்ளி விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு படம் காட்டப் போகிறாராம். "நாலு சிநேகிதப் பிள்ளையள் விண்கப்பலிலை போற கதை. இங்கிலிஷ் படம். நீர் அதைத் தமிழிலை சொல்லும். சொன்னீரெண்டால் வேலை உமக்கு."

வழி கண்டுபிடித்தவன் என் அண்ணன். கோயில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். திருவிழா முடிந்ததும் மெஷினைக் காம்பராவின் பால்மா அறையில் வைத்திருந்தான். தோட்டத்தில் ஒழுகாத கூரை அது ஒன்றுதான்.

"நீ உள்ளுக்க கதவ சாத்திக்கிட்டு மைக்ல பேசு. ஒன்னைய ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

"மரத்துல கட்டுன கொழா ஸ்பீக்கர்ல கேக்காதா?"

"அது மழையில செத்துப் போச்சு. ஹாலுல இருக்கிற பொட்டி மட்டுந்தான் பாடும்."

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. பால்மா அறையின் ஜன்னலில் மலையைக் காணவில்லை. மரங்கள் அடிப்பாகம் இல்லாமல் அந்தரத்தில் நின்றன. கதவிடுக்கு வழியாக டிவி தெரிந்தது; அதன் முன்னால் முப்பது தலைகள். பக்கத்து அறையில் கைக்குழந்தைகள் ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தன.

படத்தில் நாலு பிள்ளைகள் தண்ணீர்த் தாங்கி மாதிரி ஒன்றில் ஏறிப் பெருஞ்சத்தத்தோடு கிளம்பினார்கள். அவர்களுடைய பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. ஆகவே நானே பெயர் வைத்தேன். என் கற்பனை எங்கள் லயத்து வரிசை வீடுகளைத் தாண்டாது: செல்வம், ராஜு, மேரி, லெட்சுமி.

முதலில் கொசு மாதிரித்தான் பேசினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். குரலை உயர்த்தினேன். இன்னும் சிரித்தார்கள். எனக்குப் பேச்சு வருகிறது என்று பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு கண்டுபிடித்துவிட்ட தலைக்கனத்தில், மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டேன்.

பிறகு கப்பல் ஒரு கிரகத்தில் இறங்கியது. இயந்திரச் சத்தம் நின்றது. அங்கே காற்றில்லை, பறவையில்லை. எங்கும் வெள்ளைப் புகை. ஜன்னலைப் பார்த்தேன். அங்கேயும் அதே வெள்ளை.

"எறங்கிட்டாங்க" என்றேன்.

"எறங்கிட்டாங்க" என்றது மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

பெண் குரல். தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஊதிப் பெருத்திருந்தது. படத்தில் யாரோ பேசுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் படத்தில் யாருக்கும் தமிழ் தெரியாதே.

திரையில் மூன்று பிள்ளைகள்தான் நின்றார்கள். "செல்வத்தக் காணோம்" என்றேன், மெதுவாக.

"காணோம்" என்றது அது.

எழுந்து ஓடலாம். ஓடினால் ஞாயிற்றுக்கிழமை கொழும்பு. கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல் தொடர்ந்தேன். என் குரல் நடுங்கியது. வெளியே அதுவும் நடுங்கியது.

புகைக்குள்ளிருந்து செல்வம் திரும்பி வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொரு செல்வம். அவனுக்கும் பின்னால் ஒருவன். மூவருக்கும் ஒரே சட்டை, ஒரே சிரிப்பு. லெட்சுமி என்று நான் பெயர் வைத்த சிறுமி கல் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நின்றாள். முதலாமவன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

நான் கதை சொல்வதை மறந்துவிட்டேன். அவளிடமே கெஞ்சினேன்.

"லெட்சுமி, அது செல்வம் இல்ல. திரும்பிப் பாக்காத. கையில இருக்கிறதப் போட்டுட்டு ஓடு."

"ஓடு" என்றது மூட்டம்.

உடனே மூட்டத்துக்குள் நாற்பது பேர் ஒன்றாக அலறினார்கள்.

காலடிச் சத்தம் மலையிலிருந்து இறங்கி வந்தது. முதலில் உள்ளே பாய்ந்தவர் மலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. (பெண்களைத் தடுக்கத்தான் அவர்களுக்கு முன்னால் வந்ததாக இன்றுவரை சொல்கிறார்.) அவருக்குப் பின்னால் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்த அத்தனை பெண்களும், ஒருவர் முதுகிலும் கூடை இல்லாமல், ஏணைகளைத் தேடி ஓடினார்கள். எங்கள் லயத்து லெட்சுமியக்கா மட்டும் ஹாலின் நடுவில் நின்று மாரடித்துக்கொண்டார்.

"எம்மவன் செல்வத்த எது புடிச்சிச்சு? சொல்லுங்க மிஸ், எது புடிச்சிச்சு?"

அவருடைய மகன் செல்வத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தொழிற்சாலையில் சுகமாகத் தேயிலை அரைத்துக்கொண்டிருந்தார்.

மிஸ் பால்மா அறைக் கதவைத் திறந்தார். டின்களுக்கு நடுவில், மைக்கைக் கட்டிப்பிடித்தபடி நான். நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள்.

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"மன்னிச்சிருங்க" என்றது எதிர்மலை.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. மழையில் செத்துப்போனதாக அண்ணன் சொன்ன குழாய், மூன்று நாள் வெயிலில் காய்ந்து உயிர்த்தெழுந்திருக்கிறது. நான் பேசியதெல்லாம் ஏழாம் நம்பர் மலைக்குப் போய், எதிர்மலையில் மோதி, எனக்கே திரும்பி வந்திருக்கிறது. அண்ணனைத் தேடினேன். அவன் ஜன்னல் வழியாக வேறு கிரகத்துக்குப் போயிருந்தான்.

கங்காணி கத்தினார். லெட்சுமியக்கா கையில் கிடைத்த பால்மா டின்னைத் தூக்கினார். மிஸ் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இனி உமக்குக் கதைக்கத் தெரியாதெண்டு ஆரும் சொல்லேலாது, பிள்ளை" என்றார். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வந்த ஆள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார். திங்கட்கிழமை நான் ஏணை ஆட்டினேன். மைக் பக்கம் போகக்கூடாது என்பது மட்டும் கங்காணியின் நிபந்தனை.

தன்னைக் காணாமல் போக்கியவள் யார் என்று பார்க்க, அடுத்த வாரம் செல்வம் காம்பராவுக்கு வந்தார். நான் அவருடைய செருப்பைப் பார்த்தேன். மூன்று வருஷம் கழித்துத் தாலி கட்டினார்.

ஆகவே லெட்சுமியக்கா இப்போது என் மாமியார். மூட்டம் இறங்கிய நாட்களில் வேலை முடிந்து வரும் மகன் கதவைத் தட்டினால், அடுப்படியிலிருந்தே என்னிடம் சொல்வார்: "எத்தன பேரு நிக்கிறாங்கன்னு பாத்துட்டுத் தொற."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஜன்னல் சீலையை விலக்கி, ஒருவர்தான் நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளில் கைவைப்பேன்.