மாப்பிள்ளைக் கதிரையில் வெள்ளக் குழு

தேதிகளில் நான் பிழை விட்டதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். என் கல்யாணத் தேதியை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் மகாவலி ஆறு பெருகி எங்கள் கெலிஓயா ஊரை முழுகவைத்துவிட்டுப் போன பிறகு, அரசாங்கம் வெள்ள ஆலோசனைக் குழு ஒன்றை நியமித்தது. அதன் செயலாளர் நான். குழு கெஞ்சி வாங்கிய மீட்புத் தோணி, அங்கத்தவரான சுலைமான் முதலாளியின் கெலிஓயா வீட்டு முற்றத்தில் கிடந்தது, கூட்டங்களும் அங்கேதான். குழுவின் காலம் முடிந்தால் தோணி கொழும்புக்குத் திரும்பிவிடும். மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

காலத்தை நீட்டிக்கும் தீர்மானத்துக்காக, அது முடியும் கடைசி நாளில் கூட்டம் வைத்தேன். மறுநாள், நோன்புப் பெருநாளோடு பிறக்கும் ஷவ்வால் மாதத்தின் பத்தாம் பிறையில், முதலாளியின் மகள் ஸபீனாவுடன் எனக்கு நிக்காஹ். (கதிரைகளை ஒருமுறை இரவல் வாங்கினால் போதுமே என்ற சிக்கனம்.) ஆனால் பிறை ஒரு நாள் முந்தித் தெரிந்தது. பெருநாள் முந்தியது, நிக்காஹும் முந்தியது. கூட்டம் மட்டும் குறித்த இங்கிலீசுத் தேதியிலேயே நின்றது. இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டதை நான் யோசிக்கவே இல்லை.

தலைப்பாகையும் மாலையுமாகப் போய் இறங்கினேன். மாப்பிள்ளைக் கதிரையில் குழுத் தலைவரான வெள்ளைக்காரத் துரை சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்.

“தேதியில நீங்க புலியாச்சே மகன், மாத்தியிருப்பீங்கண்டு நெனச்சேன்,” என்றார் மாமனார். பிறகு நிக்காஹ் நடத்திவைக்க வந்திருந்த லெப்பையிடம் திரும்பி, “மொதல்ல தோணி. பொறகு மாப்பிள்ளை,” என்றார்.

தீர்மானம் எனக்கு மனப்பாடம், ஒப்பிக்கத் தொடங்கினேன். முகவுரை கண்டி அரசர் காலத்து வெள்ளத்தில் தொடங்கும். அது இங்கிலீசுக்காரர் காலத்துக்கு வந்து சேருமுன்பே நெய்ச்சோறு ஆறத் தொடங்கியது. நான் நிறுத்தவில்லை.

போன வெள்ளத்தில், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுக்கக் கூரையில் தோணிக்குக் காத்திருந்தவள் ஸபீனா. தோணி வரவில்லை, தண்ணீர்தான் மனமிரங்கி வடிந்தது. மணப்பெண் வாய் திறக்காத அந்தச் சபையில், திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

“வாப்பா, வெள்ளம் வந்த கதை எனக்குத் தெரியும். தோணி நிக்குமாண்டு மட்டும் கேளுங்க.”

மாமனார் அதைத் துரைக்கு மொழிபெயர்த்தார். துரை கதிரையை விட்டு எழுந்து கையை உயர்த்தினார். மற்ற அங்கத்தவர்களும் உயர்த்தினார்கள். குழுவுக்கு இன்னும் ஒரு வருடம் கேட்பதென்று முடிவாயிற்று. கதிரை எனக்குக் கிடைத்தது.

அடுத்த மழைக்கு அந்தத் தோணி முற்றத்தில்தான் நின்றது.

இப்போது கல்யாண நாளைப் பிறைக் கணக்கு, இங்கிலீசுத் தேதி என இரண்டு நாட்காட்டியிலும் கொண்டாடுகிறோம். (பட்டால்தானே புத்தி வரும்.) தேத்தண்ணியைத் தந்தபடி ஸபீனா கேட்பாள்: “இன்னொரு வருஷம் நீட்டிக்கிறதா?”

நான் நெகிழ்ந்துபோய் வாய் திறப்பேன்.

“முகவுரை வேணாம். கைய மட்டும் தூக்குங்க.”

தூக்குவேன். சுற்றியிருக்கும் பேரப்பிள்ளைகளும் தூக்குவார்கள்.