மீன்தொட்டிக்கு வெல்டிங் போட்ட கதை

தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் என் வாழ்க்கையில் பாதி அவமானம் மிச்சமாகியிருக்கும். ஆனால் அன்று சொல்லித் தொலைக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தேன். சுமதிக்கும் எனக்கும் ஜாதகம் பொருந்திவிட்டது. அவள் அப்பா மட்டும், "பையன் எப்படின்னு பாக்கணும்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். அவர் உயிரை வைத்திருந்தது கூடத்து மீன்தொட்டியில். அதில் நட்டிருந்த செடிகள் மஞ்சளடித்துக் கிடந்தன.

"செடிக்கு கார்பன் டை ஆக்சைடு பத்தலையாம் தம்பி. எங்க போறது?" என்றார்.

"நம்ம பட்டறையில இல்லாததா? நான் பாத்துக்கறேங்க மாமா." (அவர் அதுவரை என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. நான்தான் முந்திக்கொண்டேன்.)

ஞாயிறு காலை, பட்டறையில் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆளுயர கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோடு ஆட்டோவில் போய் இறங்கினேன். அவர் மகிழ்ந்துபோய் டிபன் வாங்கக் கிளம்பினார். இரும்பை ஒட்ட நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் வாயு வைப்போம். மீன் சின்ன ஜீவன் அல்லவா, இரக்கப்பட்டு ஏழாகக் குறைத்து, சிலிண்டர் குழாயைத் தொட்டிக்குள் விட்டுத் திறந்தேன். செடிக்கு ஏதோ சொட்டுச் சொட்டாகக் குமிழி விட்டாலே போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. தொட்டி முழுக்க கோலி சோடா போலப் பொங்கியது.

சுமதி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது?"

"என்னைப் பாக்க வந்திருக்குங்க."

"மூச்சு முட்டுதுங்க அதுங்களுக்கு. மொதல்ல அத மூடுங்க."

மூடினேன். அதற்குள் பெரிய ஏஞ்சல் மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. என் கல்யாணமும் கூடவே சாய்வது போலிருந்தது. சுமதி சமையலறையிலிருந்து இரண்டு சொம்பு கொண்டுவந்தாள். தண்ணீரை மொண்டு, பால் ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து ஊற்றினாள். காற்று கலக்கட்டும் என்றாள். நானும் ஸ்டூலில் ஏறி ஊற்றினேன். இடையிடையே பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீரும் விட்டோம். கூடமெல்லாம் வெள்ளம்.

அந்த நேரம் பார்த்து இட்லிப் பொட்டலத்தோடு அவர் வந்து நின்றார். மறைக்க வழியில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன். மூவரும் தொட்டியையே பார்த்தோம். நெடுநேரம் கழித்து ஏஞ்சல் மீன் ஒருமுறை துடுப்பை அசைத்தது. பிறகு நிமிர்ந்து நீந்தியது. அப்பாடா! போன உயிர் எனக்கும் வந்தது.

அவர் நீண்ட மூச்சு விட்டு மகளிடம் திரும்பினார். "இவரத் தனியா விட்டா ஊரு தாங்காதும்மா. நீ கூடவே இருந்து பாத்துக்க."

அதுதான் எங்களுக்குக் கிடைத்த சம்மதம்.

இன்றும் மாமனார் வீட்டில் ஒழுகும் குழாயை நான் தொட்டால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்: "சுமதி, மாப்பிள்ளை எதுலயோ கை வெக்கிறாரு, ஓடியா." அவளும் ஓடி வருகிறாள்.